அறுபது டிகிரி

ராயக்கோட்டை மண்டியில் அன்றைக்குக் கிலோ நாலு ரூபாய்.
பெட்டிக்கூலி, வண்டிவாடகை, கமிஷன் போக
மிச்சம் எவ்வளவென்று விரல்விட்டு எண்ணிய ஒருவர்
எண்ணி முடிக்காமலே
பாலத்தடியில் கூடை கூடையாகக் கவிழ்த்தார்.
ஹாரன் அடித்துக் கடந்தேன்.
ஏற்றுவதும் இறக்குவதும்தான் என் வேலை.
கவிழ்ப்பது என் கணக்கில் வராது.

வீட்டுக்கு வந்தால்
பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பெட்டி.
ப்ளக் அங்கேதான் இருக்கிறதாம்.
பத்துத் தட்டு, பின்னால் ஒரு விசிறி,
முகப்பில் சிவப்பாய் எரியும் எண்கள்.
பதினோராயிரம்.
வண்டித் தவணைக்கு எடுத்து வைத்த காசு.

"வெயில் சும்மா கெடக்குது,
காத்தைக் காசு குடுத்தா வாங்குவே?"
கேள்வியில் தப்பில்லை. கேட்ட குரல் தப்பு.
"வெயிலுக்கு ஈ வருது, கோட்டைக் குரங்கு வருது,
கேக்காம மழை வருது" என்றாள் நாகவேணி.
அதற்குப் பிறகு நாலு நாள் எதுவும் சொல்லவில்லை.

கிணற்றுமேட்டில் அவள் வைத்த இருபத்திரண்டு செடியும்
பேசி வைத்தது போல ஒரே வாரத்தில் பழுத்தன.
ஒத்தை ரூபாய்க் காசின் கனத்துக்கு
வில்லை வில்லையாக அரிந்து அடுக்கினாள்.
பீரோவின் பக்கவாட்டில் சாக்பீஸில்:
தக்காளி 60. முருங்கைக்கீரை 45. மாங்காய் 57.
ஒன்பதாவது வரை படித்தவள்.
என் வண்டி நோட்டில்கூட இத்தனை தெளிவாக
ஒரு கணக்கும் கிடையாது.

இரண்டு மணிக்கு ஒருதரம் தட்டு மாற்ற வேண்டும்.
"மேல் தட்டு."
"ம்."
"கீழே."
கட்டிய பிறகு ஒரே ராத்திரியில்
இத்தனை முறை நாங்கள் சேர்ந்து எழுந்ததில்லை.
அறை முழுக்கப் புளிப்பு.
ஜன்னல் கண்ணாடியில் வேர்வை.

மூணு மணி இருக்கும். கரண்டு போனது.
சத்தத்துக்கு எழுகிறவன்
சத்தம் நின்றதற்கு எழுந்தேன்.
அவள் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்து
செல்போன் வெளிச்சத்தில் ஒரு வில்லையை
அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஓரம் தோல், நடு இன்னும் சதை.
லைன்மேனுக்குப் போட்டால்
டிரான்ஸ்பார்மர் போச்சு, சாயங்காலம் ஆகும் என்றார்.
அதற்குள் புளித்து நுரைத்துவிடும்.
அவள் அழவில்லை.
அழுதிருந்தால் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன்.

விடிந்ததும் தட்டுகளை வண்டிக் கேபினுக்குள் ஏற்றினேன்.
டேஷ்போர்டின் மேல் மூன்று,
பக்கத்து சீட்டில் ஆறு,
காலடியில் செய்தித்தாள் விரித்து ஒன்று.
கண்ணாடியை ஒரு விரல் மட்டும் விட்டு ஏற்றிக்கொண்டேன்.
மண்டியில் புளியமர நிழல் காலியாகத்தான் இருந்தது.
எத்தனை நாள் சண்டை போட்டுப் பிடித்த இடம்!
அதைத் தாண்டி,
தார் இளகும் வெட்டவெளியில் நிறுத்தினேன்.

மூட்டை தூக்கும் திம்மராயன் எட்டிப் பார்த்தான்:
"இன்னாபா, உள்ளாற ஊறுகாய்க் கம்பெனியா?"
"கதவைச் சாத்துடா, காத்து போவுது" என்றேன்.
சாயங்காலம் வரை அந்தச் சூட்டிலேயே
ஏறினேன், இறங்கினேன், ஓட்டினேன்.
சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும்.
அன்றைக்கு விலை மூன்றரை.

தட்டுகளைத் தராசில் கொட்டினாள்.
போட்டது பதினோரு கிலோ.
முள் நின்றது அறுநூற்றைம்பது கிராமில்.
வில்லைகள் சருகு போலச் சலசலத்தன.
"மீதி எங்கே போச்சு?"
"உங்க சட்டையில."

நாலு நாளைக்கு அப்புறம் வந்த பதில்.
ஒரு வில்லையை வாயில் போட்டேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு நாக்கின் இரண்டு ஓரமும் இழுத்துக்கொண்டன;
ஒரு முழுப்பழம் அதற்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.
தவணைக்காரன் திங்கட்கிழமை வருவான்.
அதற்கு இதில் பதில் இல்லை.

கரண்டு வந்தது.
பெங்களூரா மாங்காயைச் சீவிக்கொண்டே
சாக்பீஸ் எண்ணைக் கண்ணால் காட்டினாள்.
ஐம்பத்தேழில் வைத்தேன்.
ப்ளக் பக்கமாக நான் படுத்தேன்.
இரண்டு மணிக்கு என் முறை.